கடைமடைக்காரனின் பாஸ்போர்ட்

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நாடு முழுக்க ஏன் கொடியேற்றுகிறார்கள் என்பது பத்து வயதுவரை எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மாதாவுக்காக. வேறு யாருக்காக?

எங்கள் பங்குக் கோயில் விண்ணேற்பு மாதா கோயில். திருநாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே முற்றத்துக் கொடிமரத்தில் நீலமும் வெள்ளையுமாக மாதா கொடி ஏறிவிடும். பதினைந்தாம் தேதி காலை திருநாள் பூசை முடிந்த கையோடு, பத்தடி தள்ளி இருக்கும் இன்னொரு கம்பத்தில் மூவர்ணக் கொடி ஏறும். முதல் கொடி திருநாள் தொடங்கியதற்கு, இரண்டாவது கொடி அது முடிந்ததற்கு. கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்! டில்லியிலும் கொடியேற்றினார்கள் என்று ரேடியோவில் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடேயப்பா, எங்கள் மாதாவுக்கு அங்கேகூட இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் சுதந்திர தினத்தைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். மாதா பரலோகத்துக்கு ஏறிப்போன நாளில் வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறிப்போனார்கள் என்று எழுதினேன். திருத்திய சிஸ்டர் முழு மார்க் போட்டார். அதனால் அந்தத் தவறு இன்னும் ஒரு வருடம் என்னோடு நிம்மதியாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து என் பேப்பரைப் பார்த்து எழுதியவனுக்கும் முழு மார்க். அவன் எங்கள் ஆள் இல்லை. வயலை நம்பி வாழும் இந்துக் குடும்பம். ஊரில் இருந்த ஒரே நல்ல பள்ளிக்கூடம் கோயில் பள்ளிக்கூடம் என்பதால் எங்களோடு வந்து சேர்ந்தவன். கொடியேற்றியதும் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாயை அவன் தின்னமாட்டான். சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவான். அவன் அம்மா அதை சாமி மாடத்தில் வைத்து, சூடம் காட்டி, பிறகு வீட்டில் எல்லாருக்கும் கடித்துக் கடித்துப் பங்கு வைப்பார். அந்த வீட்டில் சுதந்திர தினம் என்றால் வேளாங்கண்ணிப் பிரசாதம் மாதிரி ஒரு சமாச்சாரம்.

அவனைக் கடைமடைக்காரன் என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவன் என்னை வாத்தி என்று கூப்பிடுவதற்குப் பழிக்குப் பழியாக. எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் போகும் வழியில், பஸ்ஸில் ஏறி ஒரு நல்ல தூக்கம் போட்டு எழுந்தால் வரும். மேட்டூரில் கிளம்பும் தண்ணீர் ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, வழியில் எல்லோரும் நட்டு, நனைத்து, குளித்து, துவைத்து முடித்தபின் மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். ஊருக்குள்ளும் அதே கதைதான். வாய்க்கால் நுழையும் மேற்குப் பக்கத்தில் வயல் உள்ளவர்கள் தலைமடைக்காரர்கள். அது போய் முடியும் கிழக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் கடைமடைக்காரர்கள். கிழக்கிலும் கடைசி வயல் அவனுடையது. அதற்கப்புறம் ஒரு வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவை.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் எங்கள் மாதா கோயில் தெரு. டீச்சர்கள், நர்சுகள், இரண்டு டெய்லர்கள், ஒரு போட்டோ ஸ்டூடியோ. கொஞ்சநஞ்சம் நிலம் இருந்தாலும் குத்தகைக்கு விட்டிருப்போம். மழை பெய்தால் துணி காயவில்லை என்று கவலைப்படுகிற தெரு.

நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சமூக அறிவியல் வாத்தியார் ஆனேன். வருடா வருடம் குடிமையியல் பாடத்தில் கிராம சபை வரும். கிராம சபை என்பது ஊரில் ஓட்டுரிமை உள்ள அத்தனை பேரும் சேர்ந்தது, அதுதான் மக்களாட்சியின் வேர் என்று போர்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவேன். அது கூடும் நாட்களையும் வரிசையாக எழுதிப்போடுவேன். இருபத்திரண்டு வருடம் எழுதினேன். அதில் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் மட்டுமில்லை, எங்கள் தெருவே போனதில்லை. ஏனென்று கேட்டால் எங்களிடம் நியாயம் இருந்தது. மே முதல் தேதி கூட்டம் என்பார்கள். அன்று தொழிலாளரான சூசையப்பர் திருநாள். ஆகஸ்ட் பதினைந்து என்பார்கள், கேட்கவே வேண்டாம். காந்தி ஜெயந்தி அன்று காவல் தூதர்கள் திருநாள், போதாததற்கு ஜெபமாலை மாதம் வேறு. பார்த்துப் பார்த்து நம்ம திருநாளாகத் தேடித்தான் வைக்கிறார்கள் என்பது எங்கள் தெருவின் உறுதியான நம்பிக்கை. நம்மை ஒதுக்குகிறார்கள், நமக்கு இந்த ஊரில் இடமில்லை என்று பூசை முடிந்து வரும்போது பெருமூச்சு விடுவோம். விட்டுவிட்டு நேராகப் பிரியாணி வரிசைக்குப் போவோம்.

ஊரின் மற்ற பக்கங்களில் வேறொரு நம்பிக்கை இருந்தது. மாதா கோயில் தெருவுக்கு நாட்டுப் பற்று கிடையாது, அவங்களுக்குப் போப்பாண்டவர் இருக்கார், பஞ்சாயத்து எதுக்கு? இதை முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் சொல்வார்கள்.

இதெல்லாம் வெடித்தது சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாதக் கடைசியில், பஸ் ஸ்டாப் டீக்கடையில். கடைமடைக்காரன் ஆறு வருடம் குவைத்தில் ஏசி ரிப்பேர் பார்த்துவிட்டு, இனி என் வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பி வந்திருந்தான். வந்து மூன்று சம்பா போயிற்று. முதல் வருடம் தண்ணீர் அவன் வயலுக்கு வரவே இல்லை. இரண்டாம் வருடம் தாமதமாக வந்து, நட்ட பயிர் தலையெடுப்பதற்குள் மழை மூழ்கடித்துவிட்டது. மூன்றாம் வருடம் அவன் விதைக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம், ஊருக்குள் பிரிந்து கிழக்கு வயல்களுக்குப் போகும் கீழ வாய்க்கால். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி, மேலே நடந்து போகலாம் போலக் கிடந்தது. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தான், கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தான். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: நூறு நாள் வேலையில் எடுக்கலாம், கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்க.

அன்றைக்கு அவன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான், "ஏஜென்ட் கூப்டுட்டான்டா. செப்டம்பர் கடைசில ஆள் எடுக்குறாங்களாம். பாஸ்போர்ட்டுல இன்னும் சில வருஷம் பாக்கி இருக்கு. போயிடலாம்னு இருக்கேன்."

"போனா எப்ப வருவ?"

"வந்து என்ன பண்ண? இந்த தடவ போனா நிலத்த குடுத்துட்டுத்தான் போவேன்."

முப்பத்தைந்து வருடமாக அவனோடு சண்டை போட்டுத்தான் எனக்குப் பொழுது போகிறது. அவன் குவைத்தில் இருந்த ஆறு வருடம் நான் டீக்கடைக்கே சரியாகப் போகவில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வராமல், "போ, போய் ஒட்டகம் மேய்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சொல்ல மாட்ட? கிராம சபைல எந்த வாய்க்கால மொதல்ல வெட்டுறதுன்னு கை தூக்கச் சொல்றாங்க. மேக்க எண்ணிக்க ஜாஸ்தி. வருஷா வருஷம் மேல வாய்க்கால்தான் மொதல்ல. ஏற்கனவே கண்ணாடி மாதிரி கெடக்குறத மறுபடி செதுக்குறாங்க. எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள ஐப்பசி மழ வந்துடுது. கெழக்க பாதி வீடு பூட்டிக் கெடக்கு, திருப்பூரு, சிங்கப்பூருன்னு போயிட்டாங்க. உங்க தெரு வந்து கை தூக்குனா நாங்க ஜெயிச்சிடுவோம். நீங்க வருவீங்களா? உங்களுக்கு நாடும் கெடயாது ஊரும் கெடயாது. ரோமாபுரிதான்!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஊருக்கே தெரியும். "எப்படிடா வருவோம்? வேணும்னே எங்க திருநாளா பாத்துக் கூட்டம் வச்சுட்டு எங்களையே சொல்றியா?"

அவன் டீ கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டேய் வாத்தி. அது சுதந்திர தினம்டா."

"தெரியும்!"

"நம்ம ஊருல மட்டும் வைக்கல. தமிழ்நாடு பூரா அன்னிக்குத்தான் கிராம சபை. உங்க திருநாள கலைக்கணும்னு கவர்மென்டே உக்காந்து யோசிச்சுதா?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடமாகப் போர்டில் நானே எழுதிப்போட்ட தேதிகள். கீழே இரண்டு கோடு வேறு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பூசைதான் ஒம்போது மணிக்கே முடிஞ்சிடுதே, கூட்டம் பதினோரு மணிக்குத்தானே" என்று அவன் விடாமல் கேட்டான். "நடுவுல ரெண்டு மணி நேரம் என்னடா பண்றீங்க?"

சாப்பாட்டு வரிசையில் இடம் பிடிக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் குடும்பம்; அந்தச் சபையில் மாதாவுக்குத் திருநாள் கிடையாது. என்னைக் கட்டிக்கொண்டபின் எங்கள் கோயிலுக்குத்தான் வருகிறாள் என்றாலும் மாதா விண்ணேற்பு விஷயத்தில் இன்றுவரை முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "எங்க வீட்டுல பதினஞ்சாம் தேதின்னா சுதந்திர தினம், அவ்வளவுதான். கொடி ஏத்துவோம், மிச்சரு தின்போம், முடிஞ்சுது" என்பாள். நான் சொன்னதைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அண்ணன் நெசமாவே போறேன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கத்தரிக்காய் நறுக்கினாள்.

"என்னங்க, உங்க தெரு திருநாளுக்காகவா அங்க நிக்கிது? சாப்பாட்டுக்கு நிக்கிது. இந்த வருஷம் சமையல் பொறுப்பு எங்க மாதர் சங்கத்துக்கிட்ட இருக்கு. அண்டாவ கொண்டுபோய் கிராம சபைப் பந்தலுக்குப் பக்கத்துல எறக்கிட்டா?"

நான் வாயைப் பிளந்தேன். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் தாடையைத் தடவினார். "கல்யாண வீட்டுல திராட்சை ரசம் தீந்துபோனப்பவே சேசுகிட்ட குறைய எடுத்துச் சொன்னவங்க நம்ம மாதா. வாய்க்கால் குறைய சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா அங்க போய் யாரையும் வம்புக்கு இழுக்கக் கூடாது வாத்தியாரே, உங்களத்தான் சொல்றேன்" என்றார்.

அடுத்த கலகம் சாப்பாட்டில் வந்தது. ஆடி மாசத்துக் கடைசி, ஊரில் பாதிப் பேர் விரதம், பந்தலில் அவர்களும் சாப்பிட வேண்டாமா, அதனால் காய்கறி பிரியாணி என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். மாதா திருநாளுக்குக் காய்கறி பிரியாணியா! சேசு மரி சூசை! தெருவே கொதித்தது. நாட்டுக்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், கோழியை எப்படி விட்டுக்கொடுப்பது என்று போட்டோ ஸ்டூடியோக்காரர் என் வீட்டு வாசலில் நின்று கேட்டார். "ஒரு நாளு தின்னலன்னா செத்தா போயிடுவீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்தாம் தேதி பூசை முடிந்தது. கொடி ஏறியது. மிட்டாய் கொடுத்தார்கள். அண்டாக்கள் டாட்டா ஏசில் ஏறின. வண்டி முன்னால் போக, திருநாள் பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாகத் தெருவே பின்னால் நடந்தது. பழக்க தோஷம், நாலு பேர் சேர்ந்து நடந்தால் எங்களுக்குப் பாட்டு வந்துவிடும். மாதா பாட்டுப் பாடிக்கொண்டே நூலகக் கட்டடத்துக்கு முன்னால் போட்டிருந்த பந்தலுக்குள் நுழைந்தோம். உள்ளே இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள், யாருடைய இறுதி ஊர்வலமோ என்று.

தலைமடைக்காரர் ஒருவர், நெல் வியாபாரமும் பார்ப்பவர், அண்டாவைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "என்னங்க வாத்தியாரே, பிரியாணி போட்டு ஓட்டு வாங்குறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "நீங்களும் சாப்பிடுங்கண்ணே. கைய உங்க இஷ்டத்துக்குத் தூக்குங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல."

கூட்டம் தொடங்கியது. ஊராட்சி கிளார்க் மைக்கைப் பிடித்து, நடக்கவேண்டிய வேலைகளின் பட்டியலைப் படித்தார். அவருக்கு ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஒரு வேலையைப் படிப்பார், நிறுத்துவார், மூச்சு வாங்குவார், அடுத்ததைப் படிப்பார்.

"மேல வாய்க்கால் தூர் வாருதல்."

நிறுத்தினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது எங்கள் தெரு.

ஐயோ சாமி, நான் சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. காலையில்தான் பூசைக்கு முன் மாதா பிரார்த்தனை சொல்லியிருந்தோம். ஒருவர் மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்து நிறுத்த, மற்றவர்கள் அந்தப் பதிலைச் சொல்வதுதான் முறை. பிறந்ததிலிருந்து சொல்லி வருகிறோம். யாராவது அந்தக் குரலில் எதைப் படித்து நிறுத்தினாலும் எங்கள் வாய் தானாகத் திறந்துவிடும். கிளார்க் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். ஒன்றும் புரியாமல் அடுத்ததைப் படித்தார்.

"அங்கன்வாடி சுற்றுச்சுவர்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இந்த முறை எங்கள் ஆட்களுக்கே உறைத்துவிட்டது. முந்தானையைக் கடித்துக்கொண்டு பெண்கள் குலுங்கினார்கள். நெல் வியாபாரி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. "இது ஆதரவுங்களா, எதிர்ப்புங்களா? நோட்டுல நான் என்னன்னு எழுதுறது?" என்று பரிதாபமாகக் கேட்டார். பிறகு மறுபடி குனிந்தார்.

"கீழ வாய்க்கால் தூர் வாருதல்."

எங்கள் தெரு பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக இருந்தது. அந்த மௌனத்தில் பந்தலின் கிழக்கு ஓரத்திலிருந்து ஒற்றைக் குரல் கேட்டது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." கடைமடைக்காரன். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவனாயிற்றே! பந்தலே அதிர்ந்தது. மேற்கிலிருந்தும் சிரித்தார்கள், கிழக்கிலிருந்தும் சிரித்தார்கள்.

ஆனால் கை தூக்கும் நேரம் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எந்த வாய்க்கால் முதலில் என்று கிளார்க் கேட்டார். நெல் வியாபாரி எழுந்தார். "ஒரு விஷயம். அந்த வாய்க்கால்ல பாயுற நெலத்துல எறங்கி ஒரு நாத்து நட்டிருக்காங்களா இவங்க? வாத்தியாரும் நர்சம்மாவும் கை தூக்கி எங்க வாய்க்கால பின்னால தள்ளுறது என்னங்க நியாயம்?"

சாமியார் சொல்லியனுப்பியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. குதித்து எழுந்தேன். "கிராம சபை என்பது ஊரில் ஓட்டுரிமை உள்ள அனைவரும்" என்று ஆரம்பித்தேன். பாடப்புத்தகம் அப்படியே வாயில் வந்தது. மக்களாட்சியின் வேர் வரை போய்விட்டேன். பின்வரிசையில் என்னிடம் படித்த இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் பேசிய முதல் கிராம சபைப் பேச்சு அது. மகா கேவலம்.

"வாத்தியாரே, போதும். பாடம் நடத்தாதீங்க" என்றான் கடைமடைக்காரன். கூட்டத்தில் என்னை ங்க போட்டுத்தான் பேசுவான். எழுந்து முன்னால் வந்தான். மைக்கை வாங்கவில்லை.

"நான் குவைத்துல இருந்தப்ப யாரு கேட்டாலும் இந்தியான்னு சொல்லுவேன். அங்க எல்லாருக்கும் நான் இந்தியாக்காரன்தான். பெருமையாத்தான் இருந்துச்சு. திருச்சில பிளேன் எறங்குனா தஞ்சாவூர்க்காரன். பஸ்ஸ விட்டு எறங்குனா இந்த ஊர்க்காரன். தெருவுக்குள்ள வந்தா கடைமடைக்காரன். என் வயலுக்குப் போய் நின்னா, அங்க நான் யாருமே இல்லைங்க. தண்ணிக்குக்கூட என்னத் தெரியல."

சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தான். அன்று அதைக் கொண்டுவந்திருக்கிறான் என்பது எனக்கே தெரியாது.

"இதுல என் நாடு என்னன்னு போட்டிருக்கு. சிங்கம் இருக்கு, முத்திரை இருக்கு. இத வச்சுக்கிட்டு வெளிய போகத்தான் முடியுது. உள்ள இருக்க முடியல. ஒரு மாசம் எங்க வாய்க்கால மொதல்ல வெட்டுங்க. அவ்வளவுதான் கேக்குறேன். இல்லன்னா மாசக் கடைசில ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லிடுறேன்."

போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான். என் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோக்காரர், கோழிக்காகச் சண்டை போட்டவர், மூக்கை உறிஞ்சினார்.

கீழ வாய்க்காலுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கிழக்கு தூக்கியது. எங்கள் தெரு தூக்கியது, சிலர் உற்சாகத்தில் இரண்டு கையையும் தூக்க, கிளார்க் அதட்டி ஒன்றை இறக்க வைத்தார். மேற்கில் பெரும்பாலோர் தூக்கவில்லை. நெல் வியாபாரி வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதைச் சொறிகிற மாதிரி கையைக் கொண்டுபோய், காதுக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டார். கிளார்க் அதையும் எண்ணிக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. மேற்கே அதற்கு இன்றுவரை பிரியாணித் தீர்மானம் என்றுதான் பெயர். அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரியாணி சுமார்தான். என் மனைவி இதைப் படிக்கும்வரை அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

அன்று மாலை கடைமடைக்காரன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பாஸ்போர்ட்டை நீட்டி, "இத நீ வச்சிரு. என்கிட்ட இருந்தா கை அரிக்கும், ஏஜென்ட்டு வேற தெனம் போன் அடிக்கிறான்" என்றான். மாதா படத்துக்குப் பின்னால் செருகலாம் என்று நான் போனேன். "அங்க வேணாம், கரப்பான் அரிக்கும்" என்று லுத்தரன் குரல் தடுத்தது. பீரோவில், எங்கள் குடும்பத்து ஞானஸ்நான சர்டிபிகேட்டுகள் இருக்கும் பைக்குள் அதைப் போட்டாள். ஏஜென்ட்டிடம் அவன் என்ன சொன்னான் தெரியுமா? பாஸ்போர்ட்டு வேதக்காரங்க வீட்டுல மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல.

வாய்க்கால் வெட்டினார்கள். செப்டம்பரில் நான் காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "வாடா" என்றான், அவ்வளவுதான். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசி வயலின் வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றான். தண்ணீர் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அதோடு ஆகாயத்தாமரைத் துண்டுகள், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு ஷாம்பு கவர், ஒற்றைச் செருப்பு. அவன் செருப்பைக் காலால் ஒதுக்கினான். "பாத்தியா, மேட்டூர்லேந்து ஆளாளுக்கு எனக்கு ஒண்ணு குடுத்து விட்டிருக்காங்க" என்று சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் துடைத்துக்கொண்டேன். பிறகு யார் முதலில் அழுதது என்று சண்டை போட்டோம்.

எல்லா வருடமும் அப்படி அமைந்துவிடவில்லை. ஒரு வருடம் புயல், ஒரு வருடம் மேட்டூரிலேயே தண்ணீர் இல்லை. மனசு சரியில்லாத நாட்களில் வருவான். "அத எடு பாக்கலாம்" என்பான். நான் எடுத்துக் கொடுப்பேன். பிரித்து, கறுப்பு மீசையோடு இருக்கும் தன் படத்தைப் பார்ப்பான், மூடிக் கொடுப்பான், போய்விடுவான். ஒவ்வொரு தடவையும் இந்த முறை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றே எனக்குத் தோன்றும். கிராம சபைக்கு எங்கள் தெரு இப்போது தவறாமல் போகிறது. கோழி பிரியாணி திரும்ப வந்துவிட்டது, ஓரத்தில் காய்கறிக்கும் ஒரு அண்டா.

இந்த வருடம் திருநாளுக்கு முந்தைய நாள் என் மனைவி பீரோவை ஒழுங்குபடுத்தும்போது பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தாள். தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சொன்னால் புதுப்பிக்கப் போவான். புதுப்பித்தால் பத்து வருடத்துக்கு எனக்குத் தூக்கம் போச்சு. சொல்லாமல் விட்டால் நான் என்ன சிநேகிதன்? சாயந்திரம் அவன் வந்தபோது பேசாமல் அதை அவன் கையில் கொடுத்தேன்.

பிரித்தான். தேதியைப் பார்த்தான். "முடிஞ்சிடுச்சேடா."

"புதுசுக்கு எழுதிப் போடணும்" என்றேன். "தஞ்சாவூர்லயே இப்ப ஆபீஸ் இருக்கு. நானே ஆன்லைன்ல போட்டுத் தர்றேன்."

அவன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினான். பீரோவைத் தானே திறந்து, சர்டிபிகேட் பைக்குள் திரும்பச் செருகினான்.

"உள்ள இருக்கறதுக்கு எதுக்குடா புதுசு?" என்றான். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். சோத்து வரிசைல நின்னு லேட் பண்ணாம வந்து சேருங்க எல்லாரும்."

உள்ளே திரும்பி, அண்ணனுக்கு டீ போடு என்று மட்டும் சொன்னேன்.